கடைசி ஆள் வரும்வரை

"...கடைசியா வர்றதுக்காண்ணா இவளை அனுப்பினேன்? எல்லாம் பார்த்துகினு சிரிக்குதுங்க. ஏய் வள்ளி, மேல வாடி! இனிமே நீச்சலும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

ஆரணியை அடுத்த சேவூரில், கிணற்று மேட்டில் நின்று காமாட்சி கத்தினாள். அவள் மகள் பாதிக் கிணற்றில் மெதுவாக நீந்திக்கொண்டிருந்தாள்.

எழுபதுகளின் கடைசி அது. அமாவாசையன்று ஆரணியில் தறி ஓடாது. அன்றைக்கு நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளைத் திரட்டி நீச்சல் பழக்குவேன். போட்டி உண்டு, பரிசு கிடையாது. சட்டம் ஒன்றுதான்: முதலில் போய் எதிர்ச்சுவரைத் தொட்டவரும், கடைசி ஆள் வரும்வரை கரையேறக் கூடாது.

"சிரிக்கல தங்கச்சி, கூப்பிடறாங்க. நல்லாக் கேளு," என்றேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் எல்லோரும் "வா வள்ளி, வா வள்ளி" என்று கூவிக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்த பையனுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. "உன்னாலதான் குளுருது, வாடி!" என்றான். வள்ளி தண்ணீரிலேயே சிரித்துவிட்டாள்.

மெதுவாக நீந்தும் பிள்ளைக்காகத்தான் அந்தச் சட்டம் என்று நினைத்திருந்தேன். மேட்டில் நிற்கும் தாய்க்கும் அது வேண்டியிருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

காமாட்சி கத்துவதை நிறுத்தினாள். புடவையைச் செருகிக்கொண்டு படியிறங்கி, அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து தானும் மகளைக் கூவி அழைக்கத் தொடங்கினாள்.