கையைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்த மாதம்

டிராவல் ஏஜென்சியில் வேலை பார்ப்பவர்கள் ஊர் சுற்றுவதில்லை. ஊர் சுற்றுபவர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்து டைப் அடிப்பதோடு சரி. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஆபீசில் அதற்கு மேரி அக்காவும் நானும். போன மாதம் முதலாளி கணினியில் ஓர் ஏஐ உதவியாளரைப் போட்டுவிட்டு, "ஒரு மாசம் பாப்போம். இது ஒழுங்கா செஞ்சா ரெண்டு பேர் எதுக்கு?" என்றார். இதே வயிற்றெரிச்சலில் இருக்கும் சக குமாஸ்தாக்களே, கேளுங்கள்.

தொடாதே

மின்னஞ்சலைத் திறந்து, விவரத்தை எக்செலில் போட்டு, விசா பாரத்தை நிரப்பி, வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவது வரை எல்லாம் அதுவே செய்யும். நடுவில் நாம் மவுஸைத் தொட்டால் குழம்பிப்போய் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதனால் தானாக நகரும் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டு நான் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தேன். சுங்கை பூலோவிலிருந்து வந்த ஆன்டி அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"சும்மாத்தானே உக்காந்திருக்க, என் ஃபார்ம கொஞ்சம் பண்ணிக் குடேன்லா."

முனியாண்டிக்கு டிக்கெட்

நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பின்னால் வருவது அப்பா பெயர் என்று அதற்கு யார் சொல்வது? கிள்ளான் சரஸ்வதி அக்காவுக்கு, 'அன்புள்ள முனியாண்டி, உங்கள் டிக்கெட் தயார்' என்று செய்தி போயிருக்கிறது. உடனே போன் வந்தது.

"எங்கப்பா போய் பதினோரு வருசம் ஆச்சு. இப்ப அவர எங்க அனுப்புறீங்க?"

அறைப் பட்டியல்

உட்கார்ந்து அதற்கு விளக்கி எழுதினேன். 'புரிந்தது, இனி கவனமாக இருப்பேன்' என்றது. மறுநாள் திருச்செந்தூர் யாத்திரைக்குப் போகும் முப்பது பேருக்கு ஹோட்டல் அறை பிரிக்கச் சொன்னோம். அப்பா பெயர் ஒன்றாக இருந்தால் ஒரே குடும்பம் என்று முடிவுகட்டிவிட்டது. புருஷன் ஓர் அறை, பெண்டாட்டி வேறு அறை. இரண்டு வேறு வேறு சுப்பிரமணியங்களின் மகனும் மகளும், முன்பின் தெரியாதவர்கள், ஒரே அறையில். பட்டியல் எல்லோருக்கும் போயும் விட்டது. எனக்கு அழுகையே வந்தது.

மேரி அக்காவும் நானும் ஆளுக்குப் பதினைந்து பேரை அழைத்து மன்னிப்புக் கேட்டோம். செராஸ் அங்கிள் ஒருவர் மட்டும் கோபப்படவில்லை.

"நாப்பத்திரண்டு வருசமா ஒரே ரூம்தான்மா. எங்க ரெண்டு பேருக்கும் போட்ட தனித்தனி ரூம மட்டும் மாத்தாம விட்டுடு."

மாதக் கடைசி

நாள் நெருங்க நெருங்க மேரி அக்காவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதையே விட்டுவிட்டோம். யாராவது ஒருவர் போகத்தானே வேண்டும். கடைசி நாள் முதலாளி வந்தார், அன்றைக்கு வந்த புகார்களைப் படித்தார், பெருமூச்சு விட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் பழையபடி வேலையப் பாருங்க. இது என்ன பண்ணுதுன்னு பாத்துக்க தனியா ஒரு ஆள் போடுறேன்."

ஆக, எங்கள் இருவரில் ஒருவரைக் குறைக்க வந்த உதவியாளரின் புண்ணியத்தில் இப்போது நாங்கள் மூன்று பேர்.