பிரசங்கியாருக்கு வைத்த வண்டி

கல்லூரி முடித்த வருடம் அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அந்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு வருடம் மலைக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதே எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர் அவர். கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"ஒரு வருசம் மலைல குந்திகினு இன்னா பண்ணப் போற?"

"ஊழியம் கத்துக்கப் போறேம்பா."

"இங்க சபைல ஊழியம் இல்லியா? ஞாயித்துக்கெழம பசங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்குறியே, அது இன்னாதாம்?"

அதற்கு முந்தின மாதம் எங்கள் சபைக்கு ஒரு தியான இல்லத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் திரையில் ஒரு வீடியோ போட்டார்கள். பனி மூடிய மரங்கள், பாறைமேல் வேதத்தோடு உட்கார்ந்திருக்கும் என் வயதுப் பிள்ளைகள், கிடார் சத்தம். படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு வருடத்தைத் தேவனுக்குக் கொடுங்கள், வேதம் படிக்கலாம், முகாம் நடத்தக் கற்றுக்கொள்ளலாம், உங்கள் அழைப்பு என்னவென்று தெரிந்துகொள்ளலாம் என்றார்கள். எனக்கு அது பிடித்துப்போயிற்று. காலையில் பஸ் ஹாரன், ராத்திரியில் பக்கத்துப் பட்டறையின் பிரஸ் சத்தம் என்று வளர்ந்தவளுக்கு அந்த அமைதி ஒரு பெரிய ஆசை. அம்மா இரண்டு நாள் அப்பாவிடம் பேசினாள். மூன்றாம் நாள் அப்பா, "போ, ஆனா ஃபோன எடுக்கணும்" என்றார்.

சேலத்தில் இறங்கி மலை பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். வீடியோவில் காட்டிய பாறை உண்மையில் இருந்தது. பனியும் இருந்தது. முதல் சில வாரம் காலையில் வேத வகுப்பு நடந்தது. பிறகு முகாம்கள் ஆரம்பித்தன. அதன்பின் எனக்குக் கிடைத்ததெல்லாம் படுக்கை விரிப்புகள்தான்.

ஒரு கூட்டம் போனால் அடுத்த கூட்டம் வரும். அத்தனை கட்டிலின் விரிப்பையும் உருவி, துவைக்கப் போட்டு, கொடியில் விரித்து, திரும்ப மடித்து வைக்க வேண்டும். மலையில் எதுவும் காயாது. காலையில் வெயில் அடிக்கிறதே என்று வெளியே போட்டால் பத்து மணிக்குப் பனி இறங்கிவிடும். அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினால் மறுபடி வெயில் அடிக்கும். விருந்தினர் அதிகமான நாளில் வேத வகுப்பு ரத்து. அது வாரத்துக்கு ஒருமுறை என்று ஆரம்பித்து, பின்னால் வகுப்பு நடக்கிற நாள்தான் அபூர்வம் என்றாகிவிட்டது.

தியான இல்லத்தை நடத்தியவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதைத் தாண்டியவர். குரலை உயர்த்தவே மாட்டார். ஒருநாள் அவரிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணா, வகுப்பு இனிமே நடக்குமா? முகாம்ல பசங்ககிட்ட பேச எங்களுக்கு எப்ப சொல்லிக் குடுப்பீங்க?"

"துவைக்கிறதும் ஊழியம்தான்மா."

"அது சரிண்ணா. அத நான் ஊட்லயே பண்ணுவேனே."

அவர் சிரித்தார். "பாரு, முறுமுறுப்பு வருது. ஆண்டவர் உன் பொறுமையைச் சோதிக்கிறார். ஜெபம் பண்ணு."

அங்கே எந்தக் கேள்விக்கும் இதுதான் பதில். வெந்நீர் வரவில்லை என்றால் பொறுமை. விடுமுறை நாள் எது என்று கேட்டால் அர்ப்பணிப்பு. சுவரோடு பேசினால் கோபமாவது வரும். அன்பாகப் பேசுகிறவரிடம் கோபப்படவும் முடியாது. துணிக்கொடியருகே நின்று ஈர விரிப்பை உதறும்போதுதான் என் கோபமெல்லாம் வெளியே போகும். அப்படி உதறி உதறி ஒரு விரிப்பைக் கிழித்தேகூட விட்டேன்.

என்னோடு அறையில் இருந்தவள் நாகர்கோவில் பக்கத்துப் பெண். அவள் முறுமுறுத்து நான் பார்த்ததே இல்லை. பாத்திரம் கழுவச் சொன்னால் பாடிக்கொண்டே கழுவுவாள். அவளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். "இத்தனை வேல வாங்குறாங்களே, உனக்கு ஒண்ணுமே தோணலியா?" என்று கேட்டால், "நீ ரொம்ப யோசிக்க பிள்ளே" என்பாள்.

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அண்ணனின் மனைவி வந்து மாத்திரை கொடுத்தார், தலையில் கை வைத்து ஜெபித்தார், கஞ்சி வைத்துக் கொடுத்தார். அதில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் காய்ச்சல் இறங்கி இறங்கி ஏறியது, குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது. ஒரு காலையில் அவள் கட்டிலிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பல் தேய்க்கிறேன் என்று துப்பியதில் ரத்தம் இருந்தது.

நான் அலுவலகத்துக்கு ஓடினேன். வாசலில் வேன் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. ஆனால் சொன்னது இது:

"மதியத்துக்கு மேல வண்டி திரும்பி வந்ததும் முதல் வேலையா அவளைக் கூட்டிட்டுப் போவோம்மா."

அன்று பெரிய வாலிபர் முகாம் ஆரம்பம். பிரசங்கியார் ஒருவர் மத்தியானம் சேலத்தில் ரயில் இறங்குகிறார். வேன் அவரை அழைத்துவரத்தான் நின்றது.

"வண்டி எப்படியும் கீழதானே போகுது. இவளையும் ஏத்திகினு போய் ஆஸ்பத்திரில உட்டுடலாமேண்ணா."

"அது பத்தரைக்குத்தான் கிளம்பும். வழியில ஸ்பீக்கர் பெட்டியெல்லாம் ஏத்தணும். வாந்தி எடுக்கிற பிள்ளை... அதே வண்டியில அவரை எப்படிம்மா உட்கார வைக்கிறது?"

"ரத்தம் வருதுண்ணா."

"நாங்க ஜெபிச்சிருக்கோம். கொஞ்சம் விசுவாசம் வேணும்."

எனக்கு விசுவாசம் இருந்தது. வண்டியும் கண்ணெதிரே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார், சாந்தமாக.

நான் வாசல் கேட்டுக்குப் போனேன். அந்த நேரத்துக்குச் சௌசௌ மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு மினி லாரி தினமும் அந்த வழியே இறங்கும். கையை நீட்டி மறித்தேன். ஓட்டுநர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சீக்கிரம் கூட்டியாம்மா, முன்னாடி உக்கார வைக்கலாம்" என்றார். அறைக்கு ஓடிப் போனால் இவள் வரமாட்டேன் என்கிறாள்.

"அண்ணன்ட்ட கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாவ?"

"எழுந்துரு மொதல்ல."

"அவிய சொல்லாம நான் வரமாட்டேன் பிள்ளே. கீழ்ப்படியாம போகக்கூடாது."

அவள் கால் தரையில் நிற்கவில்லை, ஆனால் கொள்கையில் நின்றாள். நான் அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுதான் போனேன். கொண்டை ஊசி வளைவு முழுக்க அவள் என் மடியில் தலையை வைத்து, "தப்பு பண்றோம், தப்பு பண்றோம்" என்று முனகிக்கொண்டே வந்தாள். ஓட்டுநர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை விரட்டினார்.

டெங்கு. ரத்தத்தில் தட்டணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன என்று டாக்டர் சொன்னார். அத்தோடு விட்டாரா? "இத்தனை நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க? படிச்ச பொண்ணுதானே நீ?" என்று என்னைப் பிடித்துத் திட்டினார். அவளுடைய பெற்றோர் நாகர்கோவிலிலிருந்து வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகிவிடும். தனியாக இருக்க முடியாமல் அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். "அழுவாத. நான் கெளம்பிட்டேன்னு வெச்சிக்க" என்றார். மறுநாள் காலையில் பட்டறைச் சட்டையோடேயே வந்து நின்றார்.

அவரைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. அப்பா கோபக்காரர். எஸ்டேட்டில் மேலாளர்களையே எதிர்த்துப் பேசுகிறவர். கொஞ்ச நேரத்தில் அண்ணனும் வந்தார், கையில் பழப் பையோடு. கூடவே அந்தப் பிரசங்கியார். இருவரும் படுக்கையருகே நின்று கண்ணை மூடி நீளமாக ஜெபித்தார்கள். வெளியே வந்ததும் அண்ணன் அப்பாவிடம், "உங்க பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனா கீழ்ப்படிதல் இல்லை. சொல்லாம கேட்டைத் தாண்டிட்டா" என்றார்.

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். இப்போது வெடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்பா இரண்டு கையையும் குவித்தார்.

"பொண்ணு கொஞ்சம் வாய்த்துடுக்கு சார். மனசுல வெச்சிக்காதீங்க. சின்னப் புள்ள."

அண்ணன் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: மாலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று கீழ்ப்படியாமைக்காக நான் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். பிறகு எதுவும் நடக்காதது போல வருடத்தை முடித்துக்கொள்ளலாம்.

அவர்கள் போனதும் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் தப்பு பண்ணேனாப்பா?"

"நீ தப்பு பண்ணேன்னு யாரு சொன்னா? அந்தப் பொண்ண நீதான் காப்பாத்துன."

"அப்புறம் ஏன் கையெடுத்துக் கும்புட்ட?"

"ஊழியக்காரருமா. நம்ம சபைக்கு வந்து போறவரு. நாளைக்கு உன்ன ஒருத்தன் பொண்ணு கேட்டு வருவான். அடங்காத பொண்ணுன்னு ஒரு வார்த்த போய்டுச்சின்னா? கும்புட்டா கையா கொறஞ்சிடும்?"

"நான் மன்னிப்பு கேக்க மாட்டேன்."

"ஒரு வார்த்தம்மா. சொல்ட்டு வந்துடேன்."

"மாட்டேன்."

அப்பா டீயைக் குடிக்காமலே கீழே ஊற்றினார். அன்று மத்தியானம் அவளுடைய அம்மா வந்து மகளைப் பார்த்துக் கதறி, பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவளை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு மலைக்கு ஏறினேன், என் பெட்டியை எடுக்க. அண்ணனின் மனைவி மட்டும் வாசல்வரை வந்தார். ஏதோ சொல்ல நினைத்தார் போலிருந்தது. "நல்லா இரும்மா" என்றதோடு நிறுத்திக்கொண்டார். கொடியில் நான் முந்தின நாள் போட்ட விரிப்புகள் அப்படியே நனைந்துகொண்டிருந்தன. பழக்க தோஷத்தில் எடுக்கப் போனேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன்.

அப்பாவும் நானும் சேலத்தில் ரயில் ஏறினோம். சென்ட்ரலில் இறங்கி, மின்சார ரயில் பிடித்துப் பட்டரவாக்கத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சபையில் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். ஏன் பாதியிலே வந்துட்ட? குளிர் ஒத்துக்கலியா? ஊட்டு ஞாபகமா? நடந்ததைச் சொன்னால், "அப்படியா" என்பார்கள், பிறகு, "இருந்தாலும் ஒரு வருசம்னு ஆண்டவருக்குக் குடுத்துட்டா முடிச்சிருக்கணும்மா" என்பார்கள். போதகர் தனியாகக் கூப்பிட்டு, மலையில் கற்றுக்கொண்டதைப் பற்றிச் சாட்சி சொல்லும்படி கேட்டார். "நல்லது மட்டும் சொல்லு. மத்தது வேணாம்" என்றார். நான் சாட்சி சொல்லவில்லை. விரிப்பை மடிக்கிற முறையைத் தவிர வேறென்ன சொல்வது?

எஸ்டேட் வேலைக்கு மறுபடி விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் ஒரு இளைஞர், இடைவெளி விழுந்த மாதங்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். "முகாம்களில் தங்கும் ஏற்பாட்டைப் பார்த்துக்கொண்டேன்" என்றேன். பொய் இல்லை. வேலை கிடைத்தது.

அவள் உடம்பு தேறி மலைக்கே திரும்பிப் போனாள். வருடத்தையும் முடித்தாள். முடித்த பிறகு ஃபோன் செய்தாள். கடைசிக் கூட்டத்தில் அவளைத்தான் சாட்சி சொல்லச் சொன்னார்களாம். மரணப் படுக்கையிலிருந்து ஜெபம் எழுப்பியது என்று சொன்னாளாம்.

"லாரியைப் பத்திச் சொன்னியா?"

"சொல்லணும்னுதான் நெனச்சேன் பிள்ளே. அண்ணன் சுருக்கமாச் சொல்லச் சொன்னாவ."

நான் ஃபோனை வைத்துவிட்டேன். ஆனால் அவள் பிறகும் கூப்பிடுவாள், நானும் பேசுவேன். உயிரோடு இருக்கிறாளே, அவள்மேல் எத்தனை நாள் கோபித்துக்கொள்வது?

போன வருடம் நசரத்பேட்டையில் ஒரு கூட்டத்துக்கு அண்ணன் பேச வந்தார். அப்பாவுக்குப் போக வேண்டும் என்று ஆசை. நானும் போனேன். கூட்டம் முடிந்து எல்லோரும் அவரிடம் கைகொடுக்க வரிசையாக நின்றார்கள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உண்மையான சந்தோஷத்தோடு என் தலையில் கை வைத்தார்.

"உனக்காக ஜெபிக்கிறேன்மா. தெரியுமா, இப்ப ஒரு ஜீப் எப்பவும் மலையிலயே நிக்குது. அவசரத்துக்குன்னே. வேற எதுக்கும் எடுக்கிறதில்ல. ஆண்டவர் உணர்த்தினார்."

"எப்ப உணர்த்தினார்ணா?"

அவர் என்னைப் பார்த்தார். புரிந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "எல்லாம் அவர் வேளையில" என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரிடம் கையை நீட்டினார்.

பூந்தமல்லி வந்து அம்பத்தூர் பஸ் ஏறினோம். பஸ் வேலப்பன்சாவடியைத் தாண்டியது.

"அதான் மலைல ஒரு ஜீப்ப நிறுத்திட்டாங்கள்ல. இன்னும் இன்னா மூஞ்சத் தூக்கி வெச்சிகினு வர?" என்றார் அப்பா.

"நல்லதுதான். இனிமே போற பொண்ணுங்களுக்கு வண்டி இருக்கும்."

"அப்புறம்?"

"நான் கேட்டப்ப குடுத்திருக்கலாம். இல்ல, நான்தான் கேட்டேன்னாவது சொல்லியிருக்கலாம். நீயாவது அன்னிக்குச் சொல்லியிருக்கலாம்பா."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். எங்கள் நிறுத்தம் வந்தது. இறங்கும்போது என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "பாத்து எறங்கு" என்றார்.