அடுக்களை ஜன்னலில் ஒரு ஸ்கேன் படம்

சைகோனின் கான் ஹொய் பகுதியில் இருந்த வீட்டில், அத்தையின் அடுக்களை ஜன்னலில் அவளுடைய கல்லீரலின் ஸ்கேன் படம் ஒட்டியிருந்தது. வெயில் ஏறினால் அதன் வழியாகத்தான் அடுப்புக்கு வெளிச்சம் வரும். வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதற்காகவே அவள் அதைக் கழற்றவில்லை என்று நினைக்கிறேன்.

அத்தை காரைக்காலிலிருந்து கல்யாணமாகி சைகோன் வந்தவள். போர் முடிந்து நகரம் கம்யூனிஸ்டுகள் கையில் விழுந்த பிறகு நம் ஆட்கள் ஜவுளிக்கடைகளைப் போட்டது போட்டபடி கிளம்பினார்கள். அவள் கிளம்பவில்லை. கேட்டால், "என்னை யாரும் போகச் சொல்லலையே" என்பாள். எல்லோரும்தான் சொல்லியிருந்தார்கள்.

முதுமையில் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி வந்தது. கதிர்வீச்சு கொடுத்துச் சில மாதம் கழித்து எடுத்த படத்தில் கட்டி அதே அளவில் இருந்தது; ஓரத்தில் வெள்ளை வளையம் வேறு. பாரிஸிலிருந்து வந்திருந்த அவள் மகன், என் அத்தான், வைத்தியம் தோற்றுவிட்டது, கடைசி நாட்களாவது அம்மா என்னோடு இருக்கட்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். டிக்கெட்டும் எடுத்துவிட்டார். டாக்டரம்மாவோ, கதிர்வீச்சு பட்ட கட்டி உடனே சுருங்காது, கொஞ்ச காலம் வெள்ளையாகவும் தெரியலாம், ஊசியில் ஏற்றும் மருந்தை அது இன்னும் உறிஞ்சுகிறதா, அதாவது உயிரோடு இருக்கிறதா என்பதை அடுத்த படத்தில்தான் பார்க்க வேண்டும் என்றார். உறுதி எதுவும் தரவில்லை. வியட்நாமியம் மறந்துபோன மகனுக்கு அத்தையே அதைத் தமிழில் சொன்னாள்.

"நம்ம ஜவுளிக்கடைய நெனச்சுப் பாரு தம்பி. ஆளுங்க போன அன்னிக்கே கடை சின்னதாவா ஆச்சு? அதே அகலந்தான். உள்ள வெளக்கு எரியுதான்னுதான் பாக்கணும். தோத்தாலும் நான் இங்கயே தோத்துக்குறேன். டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துடு."

அத்தான் கோபத்தோடு விமானம் ஏறினார். அன்றைக்குத்தான் படம் ஜன்னலுக்குப் போனது. அவளோடு அந்த வீட்டில் இருந்த எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. அவள் கணக்கு தப்பினால் மகனோடு இருக்கும் நாட்களும் போய்விடுமே என்று பயந்தேன்.

அடுத்த படம் எடுத்த நாளில், டாக்டரம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கட்டி கொஞ்சம்தான் குறைந்திருந்தது. ஆனால் மருந்து ஏற்றியும் அதை உறிஞ்சிய வெள்ளை எங்கும் இல்லை, முழுக்கக் கறுப்பு. அத்தை அங்கிருந்தே மகனுக்குப் போன் போட்டாள். "உள்ள இருட்டா இருக்குடா" என்றாள். வீட்டுக்கு வந்து புதுப்படத்தை அலமாரியில் வைத்தாள். தோற்றதாகச் சொல்லப்பட்ட படமே ஜன்னலில் இருந்தது.

பல வருஷம் கழித்து, வேறு நோவு எதுவுமில்லாமல், வயதாகித்தான் போனாள். காரியத்துக்கு வந்த அத்தான் முதல் வேலையாக அந்தப் படத்தைக் கழற்றக் கையை நீட்டினார்.

"அது அங்கயே இருக்கட்டும் அத்தான். வெயில் ஏறட்டும், பாத்துட்டுப் போங்க" என்றேன்.

அத்தான் கையை இறக்கிக்கொண்டு, ஜன்னலுக்கு எதிரே நின்றார்.