சொல்லாமல் விட்ட முடிவுகள்

எங்கள் ஆஸ்பத்திரியும் ஒரு பல்கலைக்கழகமும் கைகோத்து சிறுநீரக நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கியபோது, லேபில் வேலை பார்த்த என்னை ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்துவர அனுப்பினார்கள். ஐயம்பேட்டையில் முதல் நாள் யாரும் முன்வரவில்லை. அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்காதான் தறியை விட்டு எழுந்து வந்தாள்.

"என் தங்கச்சிதான் எடுக்குது, பயப்படாம வாங்கம்மா" என்று தெருவைக் கூப்பிட்டாள். அவளுக்காகத்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

குழாய்களில் எண் மட்டும் ஒட்டி பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினோம். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் எங்களிடம் இருந்தது.

பார்க்கும்போதெல்லாம் அக்கா கேட்பாள்: "ரிசல்ட் வந்துச்சா?"

ஆராய்ச்சியைப் பார்த்துக்கொண்ட எங்கள் டாக்டரைக் கேட்டேன். "அவங்கதான் அனுப்பணும்" என்றார். பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தேன். "ஆராய்ச்சி முடியட்டும். நோயாளிகளுக்குச் சொல்றது ஆஸ்பத்திரி பொறுப்பு" என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன். எங்கள் லேபிலேயே அவள் ரத்தத்தை ஒருமுறை பார்த்திருக்கலாம். எனக்கு அது தோன்றவேயில்லை. இன்றுவரை என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

எட்டு மாதம் கழித்து, கால் வீங்கி, வாந்தி நிற்காமல் அக்காவை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். பரிசோதனையை நானே செய்தேன். ரத்தத்தில் கழிவு உப்பின் அளவு அவ்வளவு அதிகமாக இருந்ததால், மெஷினில்தான் கோளாறு என்று நினைத்து இன்னொரு முறை ஓட்டினேன். அதே அளவு.

டாக்டர் அன்றே பல்கலைக்கழகத்திடம் பேசி பழைய முடிவை வாங்கினார். ஐயம்பேட்டையில் எடுத்த மாதிரியிலேயே நோய் தெரிந்திருந்தது.

"அப்பவே மருந்து கொடுத்திருந்தா..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இப்போது வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். தறியில் உட்கார அவளுக்குத் தெம்பில்லை. நடந்ததை அவளிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை.

"என் பேச்ச நம்பி வந்தவங்களுக்கு என்ன பதில் சொல்லப்போற?" என்று மட்டும் கேட்டாள்.

மீதி முடிவுகளையும் போராடி வாங்கினோம். மேலும் நான்கு பேருக்கு நோய் இருந்தது. ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். கடைசி வீட்டுப் பெண் காகிதத்தை வாங்கிக்கொண்டு, "இத்தினி நாளா தெரிஞ்சுக்கினே இருந்தீங்களா?" என்றாள்.

அவள் கதவைச் சாத்தினாள். நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.