பங்கருக்குள் தேர்ந்த ரெசிஸ்டர்

டாவோஸில் அகதிகளாக வந்த எங்களை நிலத்துக்கு அடியில் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் ஒன்றின் கீழே, போர் வந்தால் ஊர்ச்சனம் ஒளிவதற்கென்று சுவிஸ்காரர் கட்டிவைத்த பங்கர் அது. ஊரில் மண்வெட்டியால் பங்கர் வெட்டிக் கை கொப்பளித்த நாங்கள், கடல் தாண்டி வந்து காற்றோட்டக் குழாய் பூட்டிய பங்கருக்குள் குடியேறியிருந்தோம். வளர்ச்சி இல்லை என்று யாரும் சொல்லமுடியாது.

என் பக்கத்துக் கட்டில்காரரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்தில் இசைக்கோஷ்டி ஒன்றில் கீபோர்ட் வாசித்தவர். வீட்டு வளவில் ஷெல் விழுந்த நாளோடு அவருக்கு இடது காது போய்விட்டது. வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாக விடைபெற்றுக்கொண்டிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். இருவரும் ஒரே ஓட்டலில் சட்டி கழுவினோம். அந்தக் கழுவும் இயந்திரத்தின் இரைச்சலில் எல்லோருமே செவிடர்கள் என்பதால் அவரை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

அந்த மாரியில் மிருதங்கக்காரர் ஒருவர் பொங்கல் விழாவுக்குக் கோஷ்டி சேர்த்தார். அண்ணை தன் பெயரைக் கொடுத்தார். கொடுத்த நாள் முதல் சரியாகச் சாப்பிடவில்லை. காது போனது தெரிந்தால் கோஷ்டியில் இடமில்லை. கோஷ்டியில் இடமில்லையென்றால் மிச்சம் இருப்பது சட்டி கழுவுகிற ஒரு ஆள் மட்டும்தான் என்பது அவருடைய கணக்கு.

அதற்கு ஒரு வழி கிடைத்தது. ஓட்டல் பாரில் வாசித்த பியானோக்காரன், உதிரிகளாக வாங்கி நாமே பூட்டவேண்டிய சிந்தசைசர் வாத்தியம் ஒன்றைப் பாதியில் கைவிட்டுப் போயிருந்தான். அதன் முகப்பில் பதினாறு சிவப்பு விளக்குகள். பதினாறு அடிகளில் எது ஒலிக்கிறதோ அதன் விளக்கு அணைந்து மினுங்கும், மற்றவை எரிந்தபடி நிற்கும். இயந்திரம் அடிநாதத்தைக் கொடுக்க, மிருதங்கம் அதைப் பிடித்துக்கொள்ளும். அண்ணை விளக்கைப் பார்த்து மேலே வாசிப்பார். காது செய்யவேண்டியதைக் கண் செய்யும். குறை ஒன்றுதான்: விளக்குகளுக்குப் போகும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் பொட்டலம் பெட்டிக்குள் இல்லை. எந்த அளவு போடுவது என்று சொல்லும் தாளும் இல்லை.

"தம்பி, எனக்கு லைட் வடிவாத் தெரியவேணும். மிருதங்கம் இப்ப தலையணைக்கு அடிக்கிறமாதிரித்தான் கேக்குது."

"நீங்கள் பேசாமல் இருங்கோ அண்ணை. பௌதிகத்திலை எனக்கு ஏ."

"ஏ எடுத்த துரை ஏன் என்னோடை சட்டி கழுவுறார்?"

நான் தாளை எடுத்தேன். ஐந்து வோல்டில் விளக்கு இரண்டைத் தின்னும், மீதி மூன்று, மின்னோட்டத்தால் வகு, முந்நூறு ஓம். கையில் அகப்பட்டது முந்நூற்று முப்பது. ஊரில் பௌதிகம் படிப்பித்த டியூட்டரி மாஸ்டர் இருந்திருந்தால் சரி போட்டிருப்பார்.

ஆனால் மாஸ்டரின் கணக்குகளில் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். இந்தப் பெட்டியில் அப்படியில்லை. நான்கு விளக்கை எரித்து, அணைத்து, அடுத்த நான்குக்குத் தாவும். தாவுகிற வேகத்தில் கண் ஏமாந்து பதினாறும் எரிவதாக நம்பும். உண்மையில் ஒவ்வொன்றும் கால்வாசி நேரம்தான் வேலை செய்கிறது. அந்தக் கால்வாசிக்குள் முழுநேர வெளிச்சம் வேண்டுமென்றால் மின்சாரத்தை நாலு மடங்கு கொடுக்கவேண்டும். அதற்கு ரெசிஸ்டர் மிகச் சிறியதாக இருக்கவேண்டும். நான் பகுதிநேரக்காரனுக்கு முழுநேரக்காரனின் கணக்கைப் போட்டிருந்தேன்.

பிழை தெரிந்திருக்கும், நாங்கள் வெளிச்சத்தில் வாழும் மனிதர்களாக இருந்திருந்தால். பங்கரில் கூரைவிளக்கைப் பகலிலும் பாதி அணைத்தே வைத்திருப்போம், வேலை முடித்து வந்தவர்கள் படுப்பதற்காக. அந்த மங்கலில் என் பதினாறு விளக்குகளும் தேர்போல் ஜொலித்தன. மேல்தட்டுக் கட்டிலில், விடிய எழும்பி பேக்கரிக்குப் போய்வந்து படுத்திருந்தவர் போர்வையை உதறினார்.

"டேய், என்னடா இது, கோயில் திருவிழாவோ? நூருங்கோடா அதை, நித்திரை கொள்ளவேணும்!"

அவருக்கு மரியாதை செய்து வெளிச்சத்தைக் குறைக்க, ரெசிஸ்டரை நானூற்று எழுபதாக மாற்றினேன். அப்போதும் அண்ணைக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டு கிழமை அதோடு பழகினார். ஒரு அடி பிசகவில்லை. திரும்பவும் சாப்பிடத் தொடங்கினார்.

விழா எங்கள் தலைக்கு மேலேயே, பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபத்தில். ஓட்டல்காரருக்கு மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவே சிம்மர்ஷ்டுண்ட என்று ஓர் இடைவேளை உண்டு. டாவோஸ் தமிழனின் பொங்கல், கலியாணம், சண்டை எல்லாம் அதற்குள்தான். ஆகவே பட்டப்பகல். மண்டபத்தின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. வெளியே பனி, பனிமேல் வெயில். படியேறி வந்த நாங்கள் கண் கூசிக்கொண்டு நின்றோம்.

இயந்திரத்தைப் போட்டதும் அது செத்துவிட்டது என்றே நினைத்தேன். ஒலி வந்தது, வெளிச்சம் வரவில்லை. குனிந்து முகத்தை ஒட்டிப் பார்த்தால் ஒவ்வொரு குமிழுக்குள்ளும் சிவப்பாக ஒரு சந்தேகம். அதற்குள் மிருதங்கம் தொடங்கிவிட்டது.

அண்ணை என்னைப் பார்த்தார். நான் கோட்டைக் கழற்றிப் பெட்டிக்கு மேல் கூடாரம்போல் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். கோட்டுக்கு அடியில் தலையை நுழைத்து அண்ணை பல்லவியைச் சமாளித்தார். சரணத்தில் ஓர் அடி பிந்தினார், பிறகு இரண்டு. மிருதங்கக்காரர் கையைத் தூக்கினார். பாடகர் நிறுத்தினார், வயலின் நின்றது. கோட்டுக்குள் இருந்தவர் மட்டும் வாசித்துக்கொண்டே போனார், கண்ணை மூடி, மிக அழகாக, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தாளத்தில்.

"அண்ணை! அண்ணை!" மிருதங்கக்காரர் கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை. என்னைப் பார்த்துத் தன் காதைத் தொட்டுக் காட்டினார். நான் கோட்டை இறக்கினேன்.

பொங்கல் பரிமாறும்போது மிருதங்கக்காரர் அண்ணையிடம் வந்து நெடுநேரம் மெதுவாகக் கதைத்தார். அண்ணை "ஓம், ஓம்" என்று சிரித்தபடி தலையாட்டினார். ஒன்றும் விளங்கவில்லைப் போல் எனக்குப் பட்டது. இனி நான்தான் சொல்லவேண்டும்.

ஓட்டலுக்கு நடந்த வழியில் அவருடைய வலதுபக்கம் போய் நின்றேன். மெதுவாகச் சொன்னேன். நடந்துகொண்டே இருந்தார். இன்னும் உரக்கச் சொன்னேன். கடைசியில், பனிச்சறுக்குப் பலகைகளோடு பஸ்ஸுக்கு நின்ற வெள்ளைக்காரக் குடும்பம் முழுவதும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்:

"உங்களை இனிக் கோஷ்டிக்குக் கூப்பிடமாட்டினமாம்!"

அண்ணை நின்றார். அந்தக் குடும்பத்துக்கு ஒரு வணக்கம்போல் தலையசைத்தார்.

"கத்தாதை. மிருதங்கக்காரன்ரை வாயைப் பாத்துக்கொண்டுதானே நிண்டனான்." பிறகு நடந்தார். "அந்த வெளிச்சத்திலை அது மட்டும் வடிவாத் தெரிஞ்சுது."