உஸ்ஸண்ணனும் இடதுகை டேப்பும்

என் மூத்தாரை, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணனை, எங்கள் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'உஸ்ஸண்ணன்' என்று கேட்டால் பால்காரர்கூடக் கடையைக் கைகாட்டிவிடுவார். கார்களுக்குப் பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் வைத்து, முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து பின்னால் டிக்கிவரை பவர் வயர் இழுத்துக் கொடுப்பது அவர் தொழில். மற்ற கடைக்காரர்கள் வேலை முடிந்ததும் பாட்டைப் போட்டு, வண்டிக் கண்ணாடி அதிர்வதைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வார்கள். இவர் பாட்டே போடமாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். வண்டிக்காரர் வாயைத் திறந்தால் "உஸ்..." என்பார்.

ஸ்பீக்கரில் ஒன்றுமே கேட்கக் கூடாது, அதுதான் அவருக்குக் கணக்கு. வேலை சரியில்லாத வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க 'ங்ங்...' என்று ஒரு முனகல் கூடவே ஏறும், காலை எடுத்தால் கூடவே இறங்கும். பாட்டுக் கொண்டுபோகிற வயரைப் பவர் வயரோடு ஒட்டிப் போட்டாலும் அது வரும். எர்த் வயரைப் பெயிண்ட்டின் மேலேயே வைத்து முடுக்கினாலும் வரும். அந்த முனகல் கேட்டால் இவருக்குச் சோறு இறங்காது. 'இந்த மனுஷனுக்கு உலகத்துல இருக்கற ஒரே இரைச்சல் நான்தான், என்னைத்தான் கழட்டிப் பாக்க முடியல' என்று அவர் பெண்டாட்டி, என் ஓரகத்தி, சொல்லிச் சிரிப்பாள்.

கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை. முன்பாதியில் அவருடைய வயர்ச் சுருள்கள். பின்பாதியில் என் தையல் மெஷின், ரெக்ஸின் உருளைகள், எங்கே பார்த்தாலும் ஃபோம் தூசி. நான் சீட் கவர் தைக்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு தூண், அந்தத் தூணில் என் வீட்டுக்காரரின் போட்டோ.

அவரும் அண்ணனோடு சேர்ந்து வயர் இழுத்தவர்தான். இடதுகைக்காரர், வேகமான கை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி வேலைக்குப் போனவர், திரும்பி வருகிற படகு கவிழ்ந்து போய்விட்டார். கருவிப்பை கரையில் ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை. ஆற்றில் போனவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் கிடைக்காமல் போனார்கள், நாங்களும் அழுது ஓய்ந்தோம்.

போட்டோவுக்குக் கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பு. மூத்தார்தான் வைத்தார். கடுகத்தனை பல்பு, அதற்கும் ஒரு ஃபியூஸ்! "இதுக்குமா அத்தான்?" என்று அந்த அழுகையிலும் கேட்டேன். "எந்த வயரா இருந்தாலும் கரண்டு கெளம்பற எடத்துலயே ஃபியூஸ் இருக்கணும்மா. எங்கயாவது உரசினா மொதல்ல அது போகணும், வண்டி போகக் கூடாது" என்றார். வண்டியில் அப்படித்தான் செய்வார். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃபியூஸ். எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற தகரத்தில் ஓட்டை போட்டால், அதன் விளிம்பு வயரை அறுக்காமல் இருக்க ரப்பர் வளையம். தன் தம்பி போட்டோவையும் ஒரு வண்டி மாதிரித்தான் பார்த்தார்.

போன வருஷம் அந்த பல்பு அணைந்து போனது. நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். "ஊர் வண்டிக்கெல்லாம் லைட்டு போடறீங்க, கூடப் பொறந்தவருக்கு ஒரு பல்பு போட வக்கில்லையா?" என்று மூஞ்சிக்கு நேரே கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார். அதே 'பாக்கலாம்மா'வை வருஷம் பூராவும் கேட்டேன். மனுஷனுக்கு வயசாகிவிட்டது, மனசும் மரத்துவிட்டது என்று ஓரகத்தியிடம் திட்டித் தீர்த்தேன்.

போன மாதம் ஒரு டீச்சரம்மா வண்டி கொண்டுவந்தார். சீட் கவர் மாற்ற வேண்டும், கூடவே ஒரு சத்தத்தையும் பார்க்க வேண்டும் என்றார்.

"வாங்கும்போதே ஆம்ப் இருந்துச்சும்மா. செகண்ட் ஹேண்ட் வண்டி. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா, பின்னாடி சீட்டுல யாரோ உக்காந்து முனகற மாதிரி இருக்கு. தனியா ஓட்டவே பயமா இருக்கு."

"பேயா இருந்தா ரெக்ஸின் போட்டு மூடிடறேன் டீச்சர், கவலைப்படாதீங்க" என்றேன். சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று போனார்.

மூத்தார் அப்போது கேபிள் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தார். அளவெடுக்கலாம் என்று நான் பின்சீட்டைத் தூக்கி வெளியே வைத்தேன். கார்ப்பெட்டின் ஓரம் ஏற்கெனவே கிளம்பி இருந்தது. விலக்கினேன். இடப்பக்கமாகப் பவர் வயர் ஓடியது, இரண்டு வயர் சேர்கிற இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

வலதுகைக்காரர் டேப் சுற்றினால் மடிப்பு ஒரு பக்கம் சாயும், இடதுகைக்காரர் சுற்றினால் எதிர்ப்பக்கம். இது எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அது போகட்டும், இடதுகைக்காரர் உலகத்தில் ஒருத்தர்தானா? ஆனால் டேப்பின் முனை முக்கோணமாக மடிக்கப்பட்டு ஒரு சின்னக் காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் நான் பக்கத்தில் உட்கார்ந்து டேப் கிழித்துக் கொடுப்பேன், அவர் சுற்றிவிட்டு முனையை இப்படித்தான் மடிப்பார். "நாளைக்குப் பிரிக்கறவன் என்னைத் திட்டக் கூடாதுல்ல" என்பார். அந்தக் காதை ஒரே ஒரு ஆள்தான் வைப்பார். அவர் தூணில் தொங்கிக்கொண்டிருந்தார்.

பழைய வேலையாக இருக்கும், அவர் இருந்தபோது செய்த வண்டியாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அந்தத் தேறுதல் ஒரு மூச்சுகூட நிற்கவில்லை. வெளியே கிடந்த சீட்டைப் பார்த்தேன். எந்த வண்டி எப்போது வந்தது என்று மற்றவர்கள் ஆர்சி புத்தகத்தில் பார்க்க வேண்டும். எனக்கு சீட்டின் வளைவே போதும். இந்த மாடல் சீட்டுக்கு நான் முதன்முதலில் காகிதத்தில் அளவு வெட்டியதே போன வருஷம்தான், வண்டியே அப்போதுதான் புதிதாக வந்தது. படகு கவிழ்ந்தபோது இந்த மாதிரி ஒரு வண்டி உலகத்திலேயே கிடையாது.

செத்துப்போன மனுஷன் எப்படி வந்து இதில் வயர் இழுப்பார்? கொட்டகை வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது, எனக்கோ முதுகெல்லாம் குளிர்ந்துவிட்டது. கார்ப்பெட்டை இருந்தபடியே மூடினேன். முன்சீட்டில் போய் உட்கார்ந்து, ஏன் செய்கிறேன் என்று தெரியாமல் சாவியைத் திருப்பி, ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்தேன். ஆளில்லாத பின்பக்கத்திலிருந்து முனகல் எழுந்தது. மிதித்தால் ஏறியது, விட்டால் இறங்கியது. என்னோடு பேசுகிற மாதிரியே இருந்தது. பயத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு மெஷினுக்கு ஓடிவந்து, கையில் கிடைத்த துணியைத் தைக்க ஆரம்பித்தேன். ஊசியில் நூலே இல்லை என்பதுகூடத் தெரியவில்லை.

மூத்தார் வந்தார். டீச்சரம்மா சொன்னதைச் சொன்னேன். வழக்கம்போலக் கண்ணை மூடிக் கேட்டார். முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு இறங்கினார். சட்டைப் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்துக்கொண்டு நேராகப் பின்கதவைத் திறந்தார்.

வேறு வண்டியாக இருந்தால் பானெட்டில் ஆரம்பித்து வயரை அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு வருவார். அரைநாள் ஆகும். அன்றைக்கு ஒரு வயரைக்கூடத் தொடவில்லை. நேரே பின்னால் இடது மூலைக்குப் போனார். முதுகை என் பக்கம் திருப்பி, என் கண்ணுக்குப் படாமல் மறைத்துக்கொண்டு, கார்ப்பெட்டைத் தூக்கி டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தார்.

நான் எழுந்து போய் அவர் பின்னால் நின்றேன்.

"எங்க கோளாறுன்னு தேடவே இல்லையே அத்தான். எப்படித் தெரிஞ்சுது?"

அவர் கை நின்றது. திரும்பவில்லை.

"எர்த்து போல்ட்டுக்கு அடியில பெயிண்ட்டைச் சுரண்டியிருக்க மாட்டாங்க. அதான்."

"யாரு சுரண்டியிருக்க மாட்டாங்க?"

அவர் மறுபடியும் டேப்பைப் பிரிக்கத் தொடங்கினார். என் வீட்டுக்காரருக்கு அந்த ஒரு குறை உண்டு. பெயிண்ட்டைச் சுரண்டிப் பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகுதான் எர்த் வயரை முடுக்க வேண்டும். அவருக்குப் பொறுமை கிடையாது, அப்படியே முடுக்கிவிடுவார். ஒவ்வொரு வண்டியிலும் அண்ணன் பின்னாலேயே போய்க் கழற்றி, சுரண்டி, மறுபடியும் மாட்டுவார்.

"டேப்பை நான் பாத்துட்டேன். காதையும் பாத்துட்டேன். இந்த வண்டி வந்தது எப்பன்னும் எனக்குத் தெரியும். மறைக்காதீங்க. உங்க தம்பி உயிரோட இருக்காரா?"

அவர் அந்தத் தரையிலேயே, கார்க் கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பிரித்த டேப் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது மூணாவது வண்டிம்மா" என்றார்.

 மூன்று வண்டி! நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இவர் ஒவ்வொரு தடவையும் அந்த டேப்பைப் பிரித்து, தன் வலதுகையால் புது டேப் சுற்றி, தம்பியைத் துடைத்து அனுப்பியிருக்கிறார்.

"மொத வண்டி வந்தப்ப, எங்க செஞ்சதுன்னு கேட்டுக்கிட்டுப் போனேன். வெளியூருக்குக் கேபிள் வாங்கப் போறேன்னு சொன்னேனே, அப்ப. பஸ்ஸுல ஒரு பகல் பூராப் போகணும். கடைக்கு எதிர்ல நின்னேன். ஒரு ஆளு டேஷ்போர்டுக்கு அடியில தலையை விட்டுப் படுத்திருந்தான். காலு ரெண்டு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. எடது காலு ஆடிக்கிட்டே இருந்துச்சு."

வேலை செய்யும்போது அவருக்கு இடது கால் ஆடும். அந்தக் காலை எத்தனை தடவை நான் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

"மூஞ்சியைப் பாத்தீங்களா?"

"பாக்கல. பாத்தா கூப்பிடணுமேம்மா. அப்படியே திரும்பி வந்துட்டேன்."

"அட பாவி மனுஷா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ தேடிப் போவ. போயி அங்க என்னத்தைப் பாப்பியோன்னு பயம். அவனுக்கு வழி தெரியாதா? அஞ்சு வருஷமா வராதவன் வழி தெரியாமயா வரல?" விரலில் ஒட்டிய டேப்பை உருட்டிக்கொண்டே சொன்னார். "அவன் செஞ்சதையெல்லாம் நான் பின்னாடியே பிரிச்சுப் பிரிச்சுச் சரி பண்ணேன். அது பொறுக்காமத்தான் போனானோ என்னவோ. இப்பவும் அதையேதான் பண்ணிக்கிட்டிருக்கேன். ஒவ்வொரு வண்டி ஸ்டார்ட் பண்ணும்போதும் அவன் வந்துடுவானோன்னு இருக்கும்மா. கேட்டாலும் பயம், கேக்கலைன்னாலும் பயம்."

நான் கத்தினேன், என்னவெல்லாம் சொன்னேன் என்று நினைவில்லை. ஐந்து வருஷம் அந்தப் போட்டோவைப் பார்த்து அழுதிருக்கிறேன். ஆற்றுத் தண்ணீர் குளிர்ந்திருக்குமே, மூச்சுத் திணறியிருக்குமே என்று தூக்கத்தில் பதறி எழுந்திருக்கிறேன். அவர் சவுகரியமாகப் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டு டேப்புக்குக் காது வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நாளைக்குப் பிரிக்கிறவன் திட்டக் கூடாது என்று யோசித்த மனுஷனுக்கு என்னை யோசிக்கத் தோன்றவில்லை. நான் இப்போது யார்? செத்தவர் பெண்டாட்டியா, ஓடினவர் பெண்டாட்டியா?

பஸ் ஏறிப் போய் நிற்கலாம். அந்தக் காலைப் பிடித்து இழுத்து வெளியே போடலாம். அது மனசில் ஓடாமல் இல்லை. ஆனால் வெளியே வருகிற முகத்தில் என்னைக் கண்டதும் என்ன தெரியும் என்று நினைத்தேன். சந்தோஷம் தெரியாது. அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மூத்தார் கையிலிருந்த உப்புத்தாளைப் பிடுங்கினேன். காருக்குள் மண்டியிட்டு, ஸ்பேனரால் எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியிலிருந்த பெயிண்ட்டைத் தேய்க்க ஆரம்பித்தேன். அவர் "விடும்மா, நான் செய்யறேன்" என்றார். விடவில்லை. கை எரிகிறவரை தேய்த்தேன். பெயிண்ட் பொடிப்பொடியாக உதிர்ந்து, கடைசியில் இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. வயரை வைத்து முடுக்கினேன். டேப் மட்டும் அவர் சுற்றினார். முன்சீட்டில் அவர், பக்கத்தில் நான். எஞ்சின் ஓடியது, ஆக்ஸிலேட்டரை மிதித்தார். ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டு பேரும் அந்த ஒன்றுமில்லாததை வெகுநேரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"அத்தான், பல்பைப் போடுங்க" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். "அவன்தான் இருக்கானேம்மா."

"உங்களுக்கு இருக்காரு. எனக்கு ஆத்தோட போயிட்டாரு. போடுங்க."

எழுந்து போய் மேஜை டிராயரைத் திறந்தார். புது பல்பு எடுப்பார் என்று பார்த்தேன். காகிதத்தில் மடித்து வைத்திருந்த ஒரு ஃபியூஸை எடுத்தார். பல்பு போகவே இல்லை. முதல் வண்டி வந்த அன்றைக்கே ஃபியூஸைக் கழற்றி வைத்திருக்கிறார். உயிரோடு இருக்கிறவனுக்கு விளக்கு எரிய அவர் மனசு ஒப்பவில்லை, எங்களிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அதற்குத்தான் வருஷம் பூராவும் என்னிடம் திட்டு வாங்கினார். ஃபியூஸை மாட்டியதும் தூணில் சிவப்பாக எரிந்தது.

சாயங்காலம் டீச்சரம்மா வந்தார். ஓட்டிப் பார்த்துவிட்டு, "சத்தம் சுத்தமா போயிடுச்சே!" என்று சந்தோஷப்பட்டார். போகும்போது தூணைப் பார்த்து நின்றார்.

"காலையில கவனிக்கலையே. உங்க வீட்டுக்காரரா? ஐயோ பாவம், எப்ப தவறினாரு?"

"இன்னிக்கு மத்தியானம்" என்றேன்.

அவர் திகைத்துப்போய் என்னையும் மூத்தாரையும் மாறி மாறிப் பார்த்தார். மூத்தார் இப்போது 'உஸ்' என்பார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.