ஸ்கேனருக்கு வேகம் ஏத்தின கதை

மூக்கண்டப்பள்ளியில எங்க கம்பெனி ஸ்டோர்ஸ்ல பார்கோடு படிக்க ஒரு பழைய கை ஸ்கேனர் இருக்கு. ஒவ்வொரு பெட்டிக்கும் நாலு தடவை காட்டினாத்தான் படிக்கும்.

இன்னைக்கு ஐடி சார் லேப்டாப்போட வந்தார்.

"ஓவர்க்ளாக் பண்ணி ப்ராசஸர் வேகத்தை ஏத்திட்டேன்மா. இனி பறக்கும்."

பறக்கல. தோசைக்கல்லு மாதிரி சுட்டுச்சு.

மறுபடியும் லேப்டாப்பைத் தட்ட உக்காந்தார். ஸ்கேனரைத் திருப்பிப் பாக்கணும்னு மட்டும் அந்த மூளைக்குத் தோணல.

நான் திருப்பிப் பாத்தேன். முன்கண்ணாடி முழுக்க கிரீஸ். மெஷின் துடைக்கிற வேஸ்ட் துணியால அழுத்தித் துடைச்சிட்டுப் பெட்டியில காட்டினேன். முதல் தடவையே 'பீப்'.

அவர் தலையைத் தூக்கினார். "பாத்தீங்களா, ஓவர்க்ளாக் வேலை செய்யுது!"

துணியை அவர் கையில கொடுத்தேன். "இந்தாங்க சார், உங்க சாஃப்ட்வேர்."

உங்க கம்பெனியில இதை இன்ஸ்டால் பண்ணியாச்சா?